நேர்ச்சையோட சேர்த்து ஒரு இரத்தப் பரிசோதனையும்

ஜூன் 13 வந்தால் வஹகோட்டை நிரம்பி வழியும். அந்தோனியார் திருநாளுக்கு சிங்களம், தமிழ் என்று பார்க்காமல் சனம் வரும். அந்தக் கூட்டத்தில "பிள்ளைக்கு ஏதோ பிடிச்சிட்டு" என்று சொல்லி யாரையாவது கூட்டிக்கொண்டு வருவதையும் சின்ன வயசில இருந்தே பார்த்திருக்கிறோம். போன மாசம் வரைக்கும் நல்லா இருந்த பிள்ளை நித்திரை இல்லாமல், தன்பாட்டில கதைச்சு, கை கால் முறுக்கி, பெற்ற தாயையே யாரென்று தெரியாமல் இருக்கும்.

இது எல்லாமே மூளை வருத்தம் என்று நாங்க சொல்ல வரவில்லை. ஆனால் சிலது அதுதான். 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டால்மாவ் குழுவினர் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய பிறபொருளெதிரிகள் மூளையில் இருக்கிற என்எம்டிஏ வாங்கிகள் மேல் பாய்கின்றன. முதலில் பார்த்தவர்களில் அநேகம் பேர் சூலகக் கட்டி இருந்த இளம் பெண்கள். பிறகு 2013இல் வெளியான பெரிய ஆய்வில், நோயாளிகளின் நடு வயது 21. இரண்டு வருஷம் வரை கவனித்த 501 பேரில் 394 பேர் நன்றாகத் தேறினார்கள். ஸ்டீரொய்ட், இம்யூனோகுளோபுலின், இரத்தப் பிளாஸ்மாவை மாற்றுதல், கட்டி இருந்தால் அதை எடுத்தல்: இவ்வளவுதான் முதல் வைத்தியம். எவ்வளவு வேளைக்குத் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

அப்படியென்றால் கேள்வி இதுதான்: வேளைக்குக் கண்டுபிடிக்க எங்கட நாட்டில ஆள் வேணுமா, வேண்டாமா?

மூளையையும் நோயெதிர்ப்பையும் சேர்த்து ஆராய ஒரு மூத்த விஞ்ஞானியை நிரந்தரமாக எடுக்க வேணும் என்று சொன்னால், "டெங்குக்கே காசில்லை, இது ஆடம்பரம்" என்பார்கள். 2022க்குப் பிறகு வைத்தியர்களே வெளிநாடு போகும்போது விஞ்ஞானி எங்கே நிற்பார் என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் எப்படி எடுப்பது என்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கு.

ஒரு பழைய உதாரணம். ஜோன் நியூசம்-டேவிஸ் என்ற நரம்பியல் வைத்தியர், கண் இமை விழுந்து தசை சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோயாளிகளுக்குப் பிளாஸ்மாவை மாற்றினால் தேறுகிறார்கள் என்று 1976இல் லண்டனில் குழுவோடு சேர்ந்து காட்டினார். 1987இல் ஒக்ஸ்போர்ட் அவரைப் பேராசிரியராக எடுத்தது. அடுத்த வருஷம் அவரோடு வேலை செய்த ஏஞ்சலா வின்சென்டும் அங்கே போனார். ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்று நோயாளியைப் பார்த்தார், மற்றவர் ஆய்வுகூடத்தில் இரத்தத்தைப் பார்த்தார். நரம்பைத் தாக்கும் பல பிறபொருளெதிரிகளைப் பற்றி அந்தக் கூட்டணியில் இருந்துதான் உலகம் படித்தது. ஒக்ஸ்போர்ட் எடுத்தது ஒரு ஆளை மட்டும் இல்லை, சேர்ந்து வேலை செய்யும் ஒரு குழுவை.

எங்கட பக்கம் பேராதனையில் மருத்துவ பீடம் இருக்கு, கண்டியில் தேசிய வைத்தியசாலை இருக்கு. இரண்டுக்கும் நடுவில் தூரம் கொஞ்சம்தான். அப்படியொரு பதவிக்கு ஆள் தேடும்போது கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. வாட்டுக்கு வந்து நோயாளியைப் பார்ப்பாரா? எத்தனை இளம் ஆட்களைப் பழக்கிவிடுவார்? பரிசோதனையை மாத்தளைப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளைக்கும் கிடைக்கச் செய்வாரா? இதையெல்லாம் கேளுங்க. அவருக்கும் ஐந்து வருஷத்துக்காவது உறுதியான காசு, இரண்டு தொழில்நுட்பவியலாளர்கள், தோட்டத்துத் தாயிடம் தமிழிலும் கிராமத்துத் தாயிடம் சிங்களத்திலும் கதைக்கக்கூடிய ஒரு தாதி, இவ்வளவும் குடுங்க. வெறும் அறையும் பெயர்ப்பலகையும் குடுத்தால் அவர் ஒரு வருஷத்தில போயிருவார். அவரைக் குறை சொல்லவும் ஏலாது.

நாங்க கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கட வீடுகளிலயும் நேர்ச்சை வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போற ஒரு தாயிடம், "இது என்ன வருத்தம் என்று தெரியும், மருந்து இருக்கு" என்று சொல்ல இந்த நாட்டில போதிய ஆட்கள் இருக்க வேணும். அந்தப் பதவியைத்தான் கேட்கிறோம்.