நிறுத்தத்தை மறிக்கும் வண்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வண்டி ஓட்டுவதை விட்டுவிட்ட முதியோர் பற்றிய தங்கள் கட்டுரை மிகவும் தேவையானது. சென்னையில் 60 வயது கடந்தோருக்கு மாதம் 10 இலவச பஸ் டோக்கன் கிடைக்கிறது. படியேறச் சிரமப்படுவோருக்கு உதவியாக 2024-இல் புதிய தாழ்தளப் பேருந்துகளும் வந்தன. ஆனால், முழங்கால் வலியால் ஸ்கூட்டரை விற்றுவிட்ட எனக்கு இவற்றால் பாதிப் பயன்தான். எங்கள் நிறுத்தத்தை ஒட்டிக் கார்கள் வரிசைகட்டி நிற்பதால் பேருந்து நடுச்சாலையில்தான் நிற்க முடிகிறது. நடைபாதை ஓரமாக வந்து நின்றால்தானே தளம் தாழ்வதில் பலன்? ஆட்டோக்காரர்களோ, பக்கத்து மருத்துவமனைக்கு என்றதும் மறுத்துவிடுகிறார்கள்.

மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல்துறையும் இணைந்து, முதற்கட்டமாக மருத்துவமனை, வங்கி, ரேஷன் கடை அருகிலுள்ள நிறுத்தங்களில் வண்டி நிறுத்துவோரிடம் தவறாமல் அபராதம் வசூலிக்க வேண்டும்.

– மூத்த வாசகர் ஒருவர், சென்னை.