பந்தயக் குழுவிடம் பாடம் கேட்ட மருத்துவர்கள்



மருத்துவமனையைச் சீர்படுத்த மருத்துவர்களைத் தவிர வேறு யாரிடம் யோசனை கேட்பது என்று நினைப்பவர்கள், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் அனுபவத்தை அறிந்துகொள்வது நல்லது.

இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் அந்தச் சில நிமிடங்கள் ஆபத்தானவை. வென்டிலேட்டர், மருந்து ஏற்றும் பம்புகள், மானிட்டர் ஒயர்கள் என எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். அதே நேரத்தில், குழந்தையின் நிலையை ஒரு குழு இன்னொரு குழுவிடம் சொல்லியாக வேண்டும். ஆளாளுக்குப் பேசினால் ஏதாவது விட்டுப்போகும். அறுவை நிபுணர் மார்ட்டின் எலியட்டும் தீவிர சிகிச்சை நிபுணர் ஆலன் கோல்ட்மனும் தொலைக்காட்சியில் கார் பந்தயம் பார்த்தபோது, நொடிகளில் டயர் மாற்றும் குழுவின் ஒழுங்கைக் கவனித்தார்கள். ஃபெராரி குழுவிடமே ஆலோசனை கேட்டார்கள்; விமானிகளிடமும் கேட்டார்கள். அதற்குப் பெரிய மனது வேண்டும்.

யார் எங்கே நிற்பது, எதை யார் செய்வது என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டன. முதலில் கருவிகள், அப்புறம்தான் பேச்சு. பொறுப்பு மயக்க மருந்து நிபுணரிடம்.

2007-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு மாற்றத்துக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பப் பிழைகள் 3.15 ஆகக் குறைந்தன. நேரமும் கூடவில்லை.

மருத்துவமனை நிர்வாகங்கள் தங்கள் ஆலோசனைக் குழுக்களில் செவிலியர், மருந்தாளுநர், பொறியாளர் ஆகியோரையும் வெளித்துறை வல்லுநர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.