தன் மந்தைக்கு வெளியே

கோட்டயம் 'தீபிகா' நாளிதழின் வாசகர்கள் 2025-ல் நான்கே மாத இடைவெளியில் இரண்டு காரமான தலையங்கங்களைப் படித்தார்கள். வக்ஃப் திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்த சமயத்தில், அதை ஆதரிக்கும்படி கேரள எம்.பி.க்களை வற்புறுத்தியது முதலாவது. பா.ஜ. முகாமில் மகிழ்ச்சி, காங்கிரசுக்கும் மார்க்சிஸ்டுகளுக்கும் தர்மசங்கடம். ஜூலையில் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் கேரளக் கன்னியாஸ்திரீகள் இருவர் ஆள்கடத்தல், மதமாற்றப் புகாரில் கைதானார்கள். இம்முறை தீபிகாவின் சாட்டை பா.ஜ. மீது விழுந்தது. மகிழ்ச்சியும் சங்கடமும் இடம் மாறின.

இதைப் பல்டி என்று சொல்ல முடியாது. வக்ஃப் வாரியம் உரிமை கொண்டாடும் முனம்பம் நிலத்தில் குடியிருக்கும் சுமார் 600 குடும்பங்களில் பெரும்பாலோர் கத்தோலிக்க மீனவர்கள். துர்க்கில் கைதானவர்கள் கத்தோலிக்கத் துறவிகள். இரண்டு முறையும் அடிபட்டது சொந்த மந்தை. கட்சிகள் மாறினாலும் பத்திரிகையின் கணக்கு மாறவில்லை.

மலையாளத்தில் இன்றும் வெளிவரும் நாளிதழ்களில் மூத்தது தீபிகா. 1887 ஏப்ரல் 15 அன்று மன்னானத்தில் நிதீரிக்கல் மாணி கத்தனார் 'நஸ்ராணி தீபிகா' என்ற பெயரில் தொடங்கினார். ஆரம்பத்தில் அதன் பார்வை மந்தையைத் தாண்டியே இருந்தது. திருவிதாங்கூர் அரசின் உயர் பதவிகளில் வெளியூர்த் தமிழ்ப் பிராமணர்களே நிறைந்திருந்ததை எதிர்த்து, நாயர், ஈழவர், கிறிஸ்தவர் சேர்ந்து 1891-ல் மன்னருக்கு அளித்த 'மலையாளி மெமோரியல்' மனுவுக்குப் பத்திரிகை துணை நின்றது.

1957-ல் காட்சி வேறு. ஈ.எம்.எஸ். அரசின் கல்வி மசோதா, ஆசிரியர் நியமனத்தில் தனியார் நிர்வாகங்களின் அதிகாரத்துக்கு வரம்பு கட்ட முனைந்தது. சபையின் கையில் ஏராளமான பள்ளிகள். 'விமோசன சமர'த்தில் தீபிகா முன்னணிப் போர்முரசு ஆனது. 1959 ஜூலை 31 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை மத்திய அரசு கலைத்தது. 2021-ல் பாலா ஆயர் 'போதை ஜிஹாத்' என்று பேசி முஸ்லிம்கள் கொதித்தபோதும் பத்திரிகை ஆயர் பக்கமே நின்றது.

மதப் பத்திரிகை என்றால் இப்படித்தான் இருக்க முடியுமா? தமிழர்களிடம் வேறொரு உதாரணம் உண்டு. அதன் ஊர் கோலார் தங்கவயல். பாலகாட், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் என்று சுரங்கங்களையொட்டி எழுந்த குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களில் பலர் அயோத்திதாசப் பண்டிதர் வழியில் பௌத்தம் தழுவினார்கள். பண்டிதர் 1907-ல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய வார இதழ் 'தமிழன்'. 1914-ல் அவர் மறைந்தார். பிறகு நின்றுபோன இதழ், 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. பௌத்தம் பேசிய அந்த இதழுக்கு மதம் என்பதே சாதியை எதிர்க்கும் ஆயுதம். சுயமரியாதை இயக்கத்தோடும் அது கைகோத்தது. காப்பாற்ற வேண்டிய ஆயர் இல்லமோ பள்ளிக்கூடங்களோ அதற்கு இல்லை. தாங்கிப் பிடிக்கவும் அப்படி எதுவும் இல்லை. 1930-களிலேயே நின்றுவிட்டது.

தீபிகாவுக்கு நூற்றாண்டு தாண்டிய ஆயுளைக் கொடுத்தது சபை என்ற நிறுவனம். அதன் கண்ணுக்குக் கடிவாளம் கட்டுவதும் அதே நிறுவனம்தான். சிறுபான்மையினரின் பத்திரிகை தன் மக்களுக்காக வாதாடுவதில் குற்றம் ஏதும் இல்லை. அவர்களுக்காக வேறு யார் வாதாடுவார்கள்? ஆனால் தன் வீட்டில் தீப்பிடிக்கும்போது மட்டும் அரசியல் சட்டத்தை நினைவுபடுத்தும் குரலை, அடுத்த வீட்டுக்காரர் எத்தனை நாள் நம்புவார்?

நிறுவனம் இருந்தால் கடிவாளம் தவிர்க்க முடியாதது என்று சபை சொல்லித் தப்பிக்க முடியாது. 'தமிழன்' பக்கங்களில் புதைந்து கிடந்த அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் திரட்ட, 1999-ல் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். ஒரு பௌத்தப் பண்டிதரின் குரலை மீட்டுத் தந்த அந்தக் கல்லூரியை நடத்துபவர்கள் கத்தோலிக்க ஏசு சபையினர்.