கையில் அடங்கும் நூலகம்

மாற்றல் உத்தரவு வந்ததும் நம்மவர் இல்லங்களில் முதலில் எடைக்குப் போவன புத்தகங்களே. பாத்திரம் பண்டங்களுக்கு லாரியில் இடமுண்டு. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களுக்கு இடமிராது. இக்குறையைப் போக்கத்தக்கது கிண்டில் போன்ற மின்னூல் வாசிப்புக் கருவி.

கைப்பேசி இருக்க இது எதற்கு என்று கேட்பாருண்டு. இதன் திரையினுள் கருந்துகள்களும் வெண்துகள்களும் மின்விசையால் இடம் மாறி எழுத்துகளாகின்றன. பக்கம் திருப்பும்போதே மின்சாரம் வேண்டும். நின்ற எழுத்து மின்சாரமின்றியே நிற்கும். ஆதலின் ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வரும். வெயிலிலும் அச்செழுத்தைப் போல் தெளிவாய்த் தெரியும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டுவன சில. முழுவதும் சார்ஜ் செய்து, வீட்டு வைஃபையில் இணைத்து, அமேசான் கணக்கைப் பதிவு செய்க. கருவிக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். நம் முகவரியிலிருந்து வரும் நூல்களை ஏற்கலாம் என்று கணக்கின் அமைப்புகளில் ஒருமுறை குறித்துவிட்டால், பின்னர் நூலை அஞ்சலில் இணைத்து அனுப்புவதே போதும்.

இனித் தமிழ் நூல்களுக்கு வருவோம். கிண்டில் கடையில் 2016 முதல் தமிழ் நூல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் திருக்குறள் முதலாகக் கல்கியின் புதினங்கள் வரை இலவசமாகவே உள்ளன. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளமும் அவ்வாறே வழங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாமும் முதலில் பிடிஎஃப் கோப்புகளையே நிரப்பி ஏமாந்தோம். பிடிஎஃப் பக்கம் நிழற்படத்தைப் போன்றது. ஆறங்குலத் திரையில் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினாலோ வரிக்கு வரி பக்கத்தை நகர்த்த வேண்டும். இபப் வடிவமே ஏற்றது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து அமையும். 2022 முதல் இபப் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் கிண்டில் ஏற்கிறது. ஆனால் கம்பி வழியே நேரே ஏற்றினால் திறவாது.

எழுத்தின் அளவை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. கண்ணாடி அணிந்தும் வாசிக்க இயலாமல் புத்தகத்தை மூடிவிட்ட பாட்டிக்கு அதனால் மீண்டும் படிக்க வாய்க்கும். வீட்டில் தமிழ் பேசியும், பள்ளியில் அதைக் கற்க வழியின்றி எழுத்துக் கூட்டத் தடுமாறும் பேரனுக்கும் பெரிய எழுத்தே துணை. இரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம், பேரன் ஒரு பத்தி, பாட்டி ஒரு பத்தி என்று மாறி மாறி உரக்கப் படிக்கட்டும். அவன் தடுமாறும் சொல்லை அவர் எடுத்துக் கொடுப்பார்.

ஆகவே அன்பர்களே, கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அதில் ஒரு தமிழ் நூலையேனும் ஏற்றிவிடுங்கள். அடுத்த மாற்றலின்போது எதையும் எடைக்குப் போட வேண்டியிராது.