தேய்த்தால் பளபளக்கும்... தேயவும் தேயும்!

பி.காம். படித்தவனுக்கு இரண்டு வார்த்தைகள் ஆயுசுக்கும் மறக்காது. ஒன்று 'அரியர்ஸ்'. இன்னொன்று 'தேய்மானம்'.

மூன்று வருஷம் காலேஜில் மெஷினரிக்குப் பத்து பர்சென்ட், ஃபர்னிச்சருக்குப் பத்து பர்சென்ட் என்று தேய்மானம் எழுதித் தள்ளியிருக்கிறேனே தவிர, அது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்ததில்லை. போன மாசம் பார்த்துவிட்டேன். ரத்தச் சிவப்பாக இருந்தது. ஒரு வட்டமான ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்த இடம், ஒடுகத்தூர்.

தெரியாதவர்களுக்கு: ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற ஹைவேயில் மாதனூரில் திரும்பி உள்ளே போக வேண்டும். ஜவ்வாது மலை அடிவாரம். பக்கத்தில் உத்திரகாவிரி என்று பெயருக்கு ஒரு ஆறு. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. அன்றைக்கு மனுஷனைவிட ஆட்டுக்குத்தான் ஊரில் மரியாதை.

என் சித்தப்பா பையன் அங்கே தகர ஷெட் போட்டு, 'கார் டீடெய்லிங் ஸ்டூடியோ' என்று போர்டு மாட்டியிருக்கிறான். 'ஸ்டூடியோ'வைப் பார்த்துவிட்டு முதல் வாரமே ஒரு பாட்டி, முதியோர் பென்ஷனுக்கு பாஸ்போர்ட் ஸைஸ் போட்டோ எடுக்க வந்துவிட்டாராம். தம்பி சென்னையில் நாலு வருஷம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவன். சித்தப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும் ஊருக்கே திரும்பி, பாங்கில் லோன் போட்டு ஆரம்பித்துவிட்டான். மாசா மாசம் பத்தாம் தேதி 9,400 ரூபாய் கட்ட வேண்டும். அதுவரை வந்த கிராக்கி: இரண்டு ஸ்விஃப்ட், ஒரு பொலேரோ, பூஜைக்காக ஒரு டிராக்டர்.

"அண்ணா, வந்து கணக்கு எழுதிக் கொடுங்க" என்றான். சம்பளம், மதியம் பிரியாணி. போனேன்.

நான் போன வெள்ளிக்கிழமைதான் அது வந்தது. சான் ஸ்டார்ம்!

இந்தப் பெயரைக் கேட்டிராதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1990-களின் கடைசியில் நம் நாட்டிலேயே தயாரான இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார். தாழ்ந்த உடம்பு, ஃபைபர் கிளாஸ் பாடி, உள்ளே ரெனோ கம்பெனியின் 1,149 சி.சி. இன்ஜின், அறுபது குதிரை. பார்வைக்குப் புலி, ஓட்டத்தில் நம் வீட்டுப் பூனை. இப்போது தயாரிப்பில் இல்லை. ரோட்டில் ஒன்றைப் பார்த்தால் அன்றைக்கு லாட்டரி அடித்த மாதிரி.

சந்தைக் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து வந்தது. ஒரு கிடா நின்று, கதவில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து முட்டப் போனது. ஆட்டுக்கு முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு இருக்கிறதே, இதில் சரி பண்ண என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஓனர் வேலூர்க்காரர். ஐம்பது வயசிருக்கும். சின்ன வயசில் ஆசைப்பட்ட காரை இப்போதுதான் செகண்ட் ஹாண்டில் பிடித்திருக்கிறார். "ஒரிஜினல் பெயின்ட் தம்பி, பத்திரம். திங்கக்கிழமை நாலு மணிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பேசியது 12,000 ரூபாய். தம்பியின் முகத்தில் ஒரு இ.எம்.ஐ. தீர்ந்த வெளிச்சம்.

ஷெட்டின் ஷட்டரை இறக்கி, தம்பி ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டினான். ஐயோ! சிலந்தி வலை வலையாக, பானெட் பூராவும் மெல்லிய கீறல்கள்.

"இது யாரு பண்ண வேலைடா?"

"தினமும் காலையில பாசமா துடைச்சவங்க பண்ண வேலை."

விஷயம் இதுதான். வண்டி மேல் படிகிற தூசியில் பொடி மணல் இருக்கிறது. அது பெயின்டைவிடக் கடினம். காய்ந்த துணியால் துடைக்கும்போது நாம் தூசியை எடுப்பதில்லை, உப்புத்தாள் போடுகிறோம். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் ஸீட்டுக்கு அடியிலிருந்து பழைய பனியனை உருவி, பெட்ரோல் டாங்கை அழுத்தித் துடைக்கிறீர்களே, நீங்கள்தான்! இன்றைக்கு வெயிலில் டாங்கைச் சாய்வாகப் பாருங்கள். என்னைத் திட்டக் கூடாது.

தம்பி முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கினான். பிறகு இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர், துணியை அலசுவதற்கு. ஒரே பக்கெட்டில் முக்கினால் எடுத்த மண்ணையே திரும்பப் பூசுகிறோமாம். நிழலில்தான் கழுவ வேண்டும். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. வெயிலில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய் வளையம் விழும். கழுவி முடித்ததும், சப்பாத்தி மாவு மாதிரி ஒரு களிமண் உருண்டையை ஈரத்தோடு மேலே உருட்டினான். கழுவியும் போகாமல் ஒட்டியிருந்த கசடெல்லாம் அதில் வந்தது.

அடுத்தது மெஷின் பாலிஷ். இங்கேதான் என் பி.காம். விழித்துக்கொண்டது.

"கீறலை எதை வச்சுடா அடைப்ப?"

"அடைக்கறது இல்லண்ணா. கீறல் ஒரு பள்ளம். சுத்தி இருக்கற மேட்டை அந்தப் பள்ளத்து மட்டத்துக்குத் தேய்ச்சு இறக்கறோம். அவ்ளோதான்."

தூக்கிவாரிப் போட்டது. சரி செய்வது என்றால் சேர்ப்பது இல்லை, எடுப்பது! பெயின்டுக்கு மூன்று அடுக்கு: அடியில் ப்ரைமர், நடுவில் நிறம், மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். அந்தக் கிளியர் கோட் சாதாரணமாக நாற்பது, ஐம்பது மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் அதில் சில மைக்ரான் போய்விடும், திரும்பி வராது. எங்கள் பாஷையில் சொன்னால், முதலை எடுத்துச் சாப்பிடுகிறோம். வட்டி கிடையாது.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. தம்பி அதைக் கதவில் வைத்தான். ஒன்றும் காட்டவில்லை. பானெட்டில் வைத்தான். ஊஹூம். பாட்டரியைத் தட்டினான். அப்புறம்தான் தலையில் தட்டிக்கொண்டான். அந்த மீட்டர் இரும்பு, அலுமினியத்தில்தான் வேலை செய்யும். இது ஃபைபர் கிளாஸ்! போதாக்குறைக்கு ஃபைபரில் சூடு பரவாது. தேய்க்கும் சூடு பெயின்டிலேயே நிற்கும். அதாவது பாங்க் பாலன்ஸ் தெரியாமல் செக் எழுதுகிற நிலைமை.

அப்போது சித்தப்பா கைத்தடியோடு உள்ளே வந்தார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஃபாக்டரியில் முப்பது வருஷம் ஃபினிஷிங் செக்ஷன். மூக்கை உறிஞ்சினார். "எங்க செக்ஷன் வாசனைடா" என்றார்.

வாஸ்தவம்தான். 1923-ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி 'டூக்கோ' என்று ஒரு பெயின்டைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு காருக்குப் பெயின்ட் அடித்துக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரில் செய்த டூக்கோ சீக்கிரம் காய்ந்தது. நம் ஊர் பெயின்டர்கள் இன்றைக்கும் 'டூக்கோ அடிக்கணும்' என்கிறார்களே, அதேதான். அந்த லாக்கர் ஜாதிதான் செருப்புத் தோலுக்கும் மேல்பூச்சாகப் போகிறது.

சித்தப்பா கீறல்கள் மேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். "நகம் வழுக்கினா தேய்ச்சு எடுக்கலாம். நகம் மாட்டுச்சுன்னா விட்டுடு." தம்பியும் தலையாட்டினான். சென்னையில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதே விதிதான்.

பிறகு தோல் கதை சொன்னார். மலையில் மேய்கிற ஆட்டுக்கு முள் கிழிக்கும், உண்ணி கடிக்கும். தோலில் தழும்பு இருக்கும். தழும்பு அதிகமான தோலை மேல்புறம் தேய்த்து எடுத்து, கெட்டியாக நிறம் பூசி, இல்லாத ரேகையை மெஷினில் அச்சு அடித்து அனுப்புவார்கள். அதற்குப் பெயரே 'கரெக்டட் கிரெய்ன்'. தேய்க்காமல், தோல் தோலாகவே விட்டதற்குப் பெயர் 'ஃபுல் கிரெய்ன்'.

"எதுக்கு சித்தப்பா விலை ஜாஸ்தி?"

"இன்னாடா கேள்வி? ஃபுல் கிரெய்னுக்குத்தான். ரெண்டு தழும்பு இருந்தாலும் அது நெஜம்."

இரண்டு நாள் வேலை அமோகமாக நடந்தது. மூலையில் ஒரு சாண் இடத்தில் முதலில் மிருதுவான ஸ்பாஞ்ச், மிருதுவான பாலிஷ் போட்டுப் பார்த்தான். அது போதாத இடத்தில் மட்டும் கொஞ்சம் காரமானது. ஓரங்களில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும் என்பதால் டேப் ஒட்டினான். பானெட், டிக்கி, வலது கதவு... சிலந்தி வலைகள் காணாமல் போயின. ஸ்பாஞ்சில் வெள்ளைப் பால் மாதிரி வந்தது. கிளியர் கோட் தேய்ந்தால் அப்படித்தான் வருமாம்.

திங்கள்கிழமை மதியம் இரண்டரை. பாக்கி, இடது கதவு. நேரம் போதவில்லை என்று தம்பி ஆடி ஆடிச் சுற்றும் சாது மெஷினை வைத்துவிட்டு, ஒரே போக்கில் சுற்றும் ரோட்டரியை எடுத்தான். வேகமாக வெட்டும், சூடும் அதிகம். நான் வவுச்சரில் தலையைக் கவிழ்த்திருந்தேன். மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

நிமிர்ந்தால், அவன் கையில் சிவப்பு. விரலை வெட்டிக்கொண்டான் என்று ஓடினேன். ரத்தம் இல்லை. ஸ்பாஞ்ச் முழுக்கக் காரின் நிறம். கதவின் நடுவே ஓடும் மடிப்புக் கோட்டில், கட்டை விரல் நகம் அளவுக்குச் சாம்பல் கலரில் ப்ரைமர் எட்டிப் பார்த்தது.

பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் தம்பி சின்னக் குரலில் சொன்னான். "டச்-அப் பெயின்டை வச்சு, மேல வேக்ஸ் ஏத்தினா ரெண்டு மாசத்துக்குத் தெரியாதுண்ணா."

அன்றைக்குத் தேதி எட்டு. பத்தாம் தேதி 9,400. நான் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனசும் 'வேக்ஸ்' பக்கம்தான் சாய்ந்தது.

சித்தப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவை நானும் பூசினேன்டா. சூப்பர்வைசர் சொன்னார், தழும்பு மேல ரெண்டு கோட் ஏத்தி பாஸ் பண்ணேன். ஷூ ஆச்சு. மடங்கற எடத்துல வெடிச்சுது. சரக்கு திரும்பி வந்துது. சூப்பர்வைசர் பேரு இல்ல, என் பேருதான் ரிஜிஸ்டர்ல இருந்துது." அவ்வளவுதான் சொன்னார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நாலு மணி. ஓனர் வந்தார். பானெட்டைப் பார்த்து, "அடடா!" என்றார். தம்பி அவரை நேராக இடது கதவுக்குக் கூட்டிப்போனான். "ஸார், இங்க நான் தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, மெஷின் மாற்றியதிலிருந்து சொன்னான். குரல் நடுங்கியது. கடைசியில் சிவப்பு ஸ்பாஞ்சையும் காட்டினான். "மத்த எடத்துல வெள்ளையா வந்துது ஸார். இங்க மட்டும் கலரே வருது."

"அப்படின்னா?"

"இந்தக் கதவு ரீ-பெயின்ட் ஸார். மேல கிளியர் கோட் இல்ல." கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கைக் காட்டினான். கறுப்பு ரப்பர் மேல் பொடிப் பொடியாய்ச் சிவப்புத் தூறல். (செகண்ட் ஹாண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும். புதுக் காரில் கதவு ரப்பர் மேல் பெயின்ட் தெறித்திருக்காது.)

ஓனர் ரொம்ப நேரம் அந்த ரப்பரைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரிஜினல் பெயின்ட்னு சொல்லி எக்ஸ்ட்ரா வாங்கினான்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. தட்டிக்கொடுத்து டபுள் கூலியும் தரவில்லை, அதெல்லாம் சினிமாவில். பேசின 12,000-ஐ எண்ணிக் கொடுத்தார். கதவுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க 7,000 ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். பாதி தம்பியுடையது என்று அவனே சொன்னான். அவரும் 3,500 ரூபாயைத் திருப்பி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது பானெட் ஓரத்தில் நகம் மாட்டிய அந்த ஒரு கீறலைக் காட்டி, "இது ஏன் போகல?" என்றார்.

"எடுத்தா பெயின்ட் தாங்காது ஸார். விட்டுட்டேன்."

"சரி. செராமிக் கோட்டிங் போட்டா இனிமே கீறலே விழாதாமே?"

"தண்ணி ஒட்டாது, கழுவறது சுலபம் ஸார். பனியன் போட்டுத் துடைச்சா அதுலயும் கீறல் விழும்." ஒரு வியாபாரத்தை அவனே கெடுத்துக்கொண்டான்.

இ.எம்.ஐ.க்குக் குறைந்த பணத்தை சித்தப்பா தன் பி.எஃப். பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தம்பி முகம் தொங்கிப் போயிருந்தது. "அந்த 3,500-ஐ எதுலண்ணா எழுதுவீங்க? நஷ்டம்தானே?"

பேனாவைத் திறந்துவிட்டு யோசித்தேன். எங்கள் சாஸ்திரத்தில் 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. நற்பெயர். தானாகச் சேர்ந்த நற்பெயரைப் புத்தகத்தில் ஏற்றக் கூடாது. காசு கொடுத்து வாங்கியதை மட்டும்தான் ஏற்றலாம். ஆடிட்டர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள், தெரியும்.

ஆனாலும் அழுத்தமாக எழுதினேன்: 'குட்வில் - ரூ. 3,500.'

தேய்மானம் போடவில்லை.