கேட்கத் தவறிய ஜீவனாம்சம்

விவாகம் முறியலாம், அதனால் எல்லாக் கடமைகளும் முறிந்துவிடுவதில்லை. சட்டமும் இதனை ஒப்புக்கொள்கின்றது. ஆனால் உரிய மன்றத்தில், உரிய வேளையில் கேட்பவர்க்கே சட்டம் துணை நிற்கும்.

கம்பளைக் கடைவீதியில் அருகருகே வாணிகம் செய்யும் மூவரை எண்ணிப் பாருங்கள். முஸ்லிம் அன்பர் தம் குடும்ப வழக்கிற்குக் காதி நீதிமன்றம் செல்கின்றார். 1952 ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டப்படி மணந்த சிங்களவர் மாவட்டப் பதிவாளரிடம் விவாகரத்துக் கோரலாம். தமிழராகிய நமக்கோ பொதுச் சட்டமே வழி. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே கிட்டும்.

இப்பொதுச் சட்டத்தில் தாபரிப்பு வேறு, ஜீவனாம்சம் வேறு. இவ்வேற்றுமையை அறியாமையே பல பெண்களின் துயரத்துக்கு ஏதுவாகின்றது.

தாபரிப்பு என்பது விவாகம் நிலைத்திருக்கும் காலத்து உரிமை. 1889 ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் மனைவி மாத்திரமே அதனைக் கோரலாம். அதன் இடத்தில் வந்த 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத கணவன், மனைவி ஆகிய இருவர்க்கும் அவ்வுரிமையை அளித்தது. நீதவான் நீதிமன்றில் விண்ணப்பித்தால் மாதந்தோறும் பணம் செலுத்துமாறு கட்டளை பிறக்கும். செலுத்த மறுப்பவரின் சம்பளத்திலிருந்தே அதனை அறவிடலாம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. எனினும், இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் இக்கட்டளை கிடையாது. எனவே, பஞ்சாயத்தில் நீட்டப்படும் காகிதத்தில் வாசியாது கையொப்பமிடலாகாது.

ஜீவனாம்சம் விவாகரத்து வழக்கைச் சார்ந்தது. வழக்கு நடக்குங் காலத்திலேயே மனைவி இடைக்கால ஜீவனாம்சம் கோரலாம். தீர்ப்பு வழங்கும்போது, மொத்தத் தொகையாகவோ, மாதப் பணமாகவோ, சொத்தை எழுதிக் கொடுப்பதன் மூலமாகவோ ஒருவர் மற்றவர்க்கு உதவ வேண்டுமென மாவட்ட நீதிமன்றம், தனக்குத் தகுமெனத் தோன்றினால், பணிக்கலாம். பின்னர் நிலைமை மாறினால் அக்கட்டளையைக் கூட்டவும் குறைக்கவும் அம்மன்றிற்கு அதிகாரமுண்டு.

ஆபத்து இங்கேதான் இருக்கின்றது. "அந்த மனுஷனின் காசே எனக்கு வேண்டாம், விடுதலை கிடைத்தாற் போதும்" என ரோஷத்தினால் ஒருத்தி கேளாது விடுகின்றாள். முதல் தீர்ப்பு வழங்கி மூன்று மாதங்கள் கழிந்தபின் அது முடிவான தீர்ப்பாகின்றது. அப்பொழுது அவள் மனைவியல்லள். ஆகவே தாபரிப்புக்கான கதவு மூடிவிடும். ஜீவனாம்சத்தையோ வழக்கிலே கேட்கவில்லை. ரோஷம் தணிந்து, வீட்டு வாடகையும் மளிகைக் கடனும் வாசலில் வந்து நிற்கும்போது அவள் எங்கே செல்வாள்?

பிள்ளைகளின் உரிமை வேறு. தாயும் தந்தையும் பிரிந்தாலும், 18 வயது நிறையாத பிள்ளைக்குத் தாபரிப்பு உண்டு. 18 முதல் 25 வயது வரை, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பிள்ளைகளும் அதனைக் கோரலாம். கல்லூரி மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க. தாயின் கோபம் பிள்ளையின் உரிமையைத் துறந்துவிட முடியாது.

பொருள் வசதியற்றோர்க்குச் சட்ட உதவி ஆணைக்குழு துணை புரிகின்றது. வழக்கிடுமுன் சட்டத்தரணியிடம், "ஜீவனாம்சத்தையும் மனுவிற் சேர்த்தீர்களா?" என ஒரு வார்த்தை கேளுங்கள். ஜீவனாம்சம் பிச்சையன்று, சேர்ந்து வாழ்ந்த காலத்தில் ஒருவர் இல்லத்துக்கு ஈந்த உழைப்புக்குச் சட்டம் காட்டும் மதிப்பு அது.