தொட்டுப் பார்க்கும் செல்



கம்பத்திலிருந்து ஒரு வாசகி போனில் கேட்டார்: "எங்க வீட்டுக்காரரு ஒருநாள் காய்ச்சல்னு படுத்ததில்ல. அம்புட்டு எதிர்ப்புச் சக்தி இருந்தும் அவருக்கு ஏன் கேன்சர் வந்துச்சு?"

நம்மில் எத்தனை பேர் இதையே மனசுக்குள் கேட்டிருப்போம்!

சக்தி இருந்தால் போதாது, அடையாளம் தெரிய வேண்டும். சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நடப்பவர் கொத்துக் கொத்தாகத் தொட்டுப் பார்ப்பாரே, அப்படித்தான் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த டி செல்களும் மற்ற செல்களைத் தடவியபடி போகின்றன. புற்றுச்செல் தன் மேற்பரப்பில் காட்டும் புரதத் துணுக்கு, அதாவது ஆன்டிஜென், சிக்கினால் பிடித்துக்கொள்ளும். புற்றுச்செல் அதை மறைத்துவிட்டால், டி செல் பக்கத்திலேயே கடந்து போய்விடும். கடையில் விற்கும் 'சக்திப் பொடி' எதுவும் இந்த அடையாளத்தைக் கற்றுத்தராது.

இந்தச் சந்திப்பை இப்போது கண்ணாலேயே பார்க்கிறார்கள். கால்சியம் கூடினால் ஒளிரும் சாயத்தை டி செல்லுக்குள் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஆன்டிஜெனை இனங்கண்ட சில நொடிகளில் அது பளிச்சென்று மின்னுகிறது. 1998-ல் ஆய்வாளர் அவ்ரஹாம் குப்ஃபர் குழுவினர் இரண்டு செல்கள் ஒட்டும் இடத்தைப் படம் பிடித்தார்கள். நடுவில் பொட்டு, சுற்றிலும் வளையம் என மூலக்கூறுகள் ஒழுங்காக நின்றன. அந்தப் படத்தைப் பார்த்து எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இந்த இனங்காணலையே சிகிச்சையாகவும் மாற்றியிருக்கிறார்கள். நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, சிடி19 என்ற அடையாளத்தைப் பிடிக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றுகிற நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து இதை உருவாக்கின. சில ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும்தான்.

மும்பை சங்கதி நமக்கெதற்கு என்கிறீர்களா? நம் வீடுகளில் பயாப்ஸி என்றாலே "ஊசி குத்தினா பரவிடும்" என்று தள்ளிப்போடுகிறோமே! முறையாக எடுத்தால் அப்படிப் பரவுவது மிக மிக அரிது. பயாப்ஸியில் எடுக்கும் சதைத் துணுக்கில் சாயமேற்றித்தான் கட்டியின் அடையாளத்தைப் படிக்கிறார்கள். மார்பகக் கட்டியில் ஹெர்2 புரதம் மிகுந்திருந்தால் செல்லின் ஓரமெல்லாம் பழுப்பாகத் தெரியும். அதற்கென்றே மருந்து உண்டு. துணுக்கே எடுக்காவிட்டால் எதைப் பார்த்து மருந்து எழுதுவார்கள்?

தேனியிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்குப் போகும்போது, ரிப்போர்ட்டோடு அந்தத் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைக்குள் அடங்கும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகும்.

கம்பத்து வாசகி தன் கணவரின் பிளாக்கை பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாராம். அங்கேயே இருக்கட்டும் அக்கா, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள்.